கேமரன் மலைக்கு நாள் செலவுக் கணக்கு: கோலாலம்பூர்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் கேமரன் பயணம் என்று பேச்செடுத்தாலே கணக்கு நோட்டு என் கைக்கு வந்துவிடும். அக்கா குடும்பம், மாமா குடும்பம், தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தாளிகள் என்று பலரைக் கூட்டிப் போயிருக்கிறேன். புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கையில் 1,200 வெள்ளி (ரிங்கிட்), மூன்று நாள், அப்படியானால் நாளுக்கு 400 என்று வகுத்துவிடுகிறார்கள். இரண்டாம் நாள் இரவு மேசைமேல் ஸ்டீம்போட் சூப் கொதிக்கும்போது பர்ஸ் காய்ந்திருக்கும்.

மலையில் ஒரு நாளைப் போல இன்னொரு நாள் செலவாகாது. அதனால் முதலில் பிரிக்க வேண்டும், வகுப்பது கடைசியில். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒரு படியில் கிடைக்கும் விடை இல்லாமல் அடுத்த படியைப் போட முடியாது.

1. முதலில் தேதி, அப்புறம்தான் பணம்

"எவ்வளவு ஆகும்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது "எப்போது போகிறீர்கள்?" என்றுதான். அறை வாடகை தேதியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி இறங்கும். சாதாரண வார நாளில் 180 வெள்ளிக்குக் கிடைத்த குடும்ப அறை, பள்ளி விடுமுறைச் சனிக்கிழமையில் இரட்டிப்பு விலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். சீனப் புத்தாண்டு, ஹரி ராயா வாரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் விடுமுறையைத் தவிர்க்க வழியில்லை. சரி, விடுமுறைக்குள்ளேயே வார நாளைப் பிடியுங்கள். திங்கள் ஏறி புதன் இறங்குவது எனக்குப் பிடித்த கணக்கு. வாரக் கடைசிக் கூட்டம் ஞாயிறு மதியமே இறங்கத் தொடங்கிவிடும்.

இதில் ஒரு பொறி உண்டு. சுங்கை பாலாஸில் உள்ள 'போ' (BOH) நிறுவனத்தின் தேயிலை மையம் வழக்கமாகத் திங்களன்று மூடியிருக்கும். வந்த அன்றே தேயிலைத் தோட்டத்துக்குப் போகலாம் என்று எழுதி வைத்துவிட்டு, பூட்டிய வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். தோட்டத்தைச் செவ்வாய்க்கு வையுங்கள்.

2. தங்கும் ஊரை முடிவு செய்யுங்கள்

கேமரன் மலை ஒரே ஊர் இல்லை. தாப்பா பக்கமிருந்து ஏறினால் முதலில் ரிங்லெட், அப்புறம் தானா ராத்தா, அதற்கு மேலே பிரிஞ்சாங், அதையும் தாண்டினால் கீ ஃபார்ம், கம்போங் ராஜா. எல்லாம் ஒரே சாலையில் கோத்த மணி மாதிரி. அந்தச் சாலை அடைத்தால் எல்லாம் அடைத்தது.

ரிங்லெட்டில் அறை மலிவு. ஆனால் அங்கிருந்து தானா ராத்தா ஏறக்குறைய 13 கிலோமீட்டர், அதுவும் வளைந்து வளைந்து. சாப்பாட்டுக்கும் சுற்றிப் பார்க்கவும் தினம் ஏறி இறங்கினால், வாடகையில் மிச்சம் பிடித்ததைக் கார் எண்ணெயிலும் நேரத்திலும் விட்டுவிடுவீர்கள்.

கார் இல்லாதவர்கள் தானா ராத்தாவில்தான் தங்க வேண்டும் என்பேன். பேருந்து நிலையம், வங்கி, நம் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. கார் இருந்து, சந்தை, பண்ணை என்று அலைய ஆசைப்படுபவர்களுக்கு பிரிஞ்சாங்.

அறை பதியும்போது கேட்க வேண்டியவை சில. சுடுநீர் உண்டா என்பது முதல் கேள்வி. இரவில் 15 பாகை வரை இறங்கும் ஊர். ஏர்கான் இல்லை என்பதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அங்கே அது தேவையே இல்லை. கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் தங்கிய ஒரு விடுதியில் "பிள்ளைக்கு மெத்தை இருக்கு" என்று தொலைபேசியில் சொன்னார்கள், காசு என்று சொல்லவில்லை. கிளம்பும் நாளில் இரண்டு இரவுக்கும் சேர்த்து பில்லில் வந்தது.

வரியையும் கேளுங்கள். தங்கும் அறைக்குச் சேவை வரி 8 விழுக்காடு. இணையத்தில் பார்த்த விலையில் அது சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதில்தான் குழப்பம் வரும். வெளிநாட்டு விருந்தாளியின் அறைக்குச் சுற்றுலா வரி இரவுக்கு 10 வெள்ளி தனி. மலேசியருக்கும் நிரந்தரவாசிக்கும் அது கிடையாது.

அப்புறம் முன்பணம். பல விடுதிகள் சாவி கொடுக்கும்போது 50, 100 என்று வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது திருப்பித் தருவார்கள். அது செலவில் சேராது, ஆனால் மூன்று நாளும் உங்கள் கையில் இருக்காது. கணக்கில் எழுதாமல் விட்டால் இரண்டாம் நாள் காசு குறைவது இதனால்தான்.

3. போக வர என்ன ஆகும்

சொந்தக் கார் என்றால் வெள்ளியில் தொடங்காதீர்கள், லிட்டரில் தொடங்குங்கள். கோலாலம்பூரிலிருந்து தாப்பா வழியாகத் தானா ராத்தா ஏறக்குறைய 200 கிலோமீட்டர். போக வர 400. மலைமேல் சுற்ற இன்னொரு 60. சமவெளியில் 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் சின்னக் கார், ஏற்றத்திலும் நெரிசலிலும் கூடக் குடிக்கும். நான் 40 லிட்டர் என்று முழுதாக எழுதிவிடுவேன். 1.99 வெள்ளி மானிய விலையில் ரோன் 95 போட்டால் 80 வெள்ளி. விலை மாறினாலும் இந்த 40 மாறாது, அதனால்தான் லிட்டர் கணக்கு.

டோலுக்குப் போக வர 45 வெள்ளி ஒதுக்குவேன், அதில் மிச்சமும் வரும். டச் அண்ட் கோ அட்டையில் கிளம்பும் முதல்நாள் இரவே பணம் ஏற்றிவிடுங்கள். டோல் சாவடியில் அட்டை கத்தி, பின்னால் வரிசை நின்று, கடைசியில் பின்வாங்கி வருவது நல்ல தொடக்கமாக இருக்காது.

தாப்பா சாலை குறுகல், வளைவுகளுக்கு முடிவே இல்லை. பிள்ளைகளுக்கு வாந்தி வரும் என்றால் சிம்பாங் பூலாய் வழியாக ஏறலாம். அந்தச் சாலை அகலம், வளைவும் குறைவு. ஆனால் கோலாலம்பூரிலிருந்து வருபவர்களுக்கு அது சுற்று, டோலும் எண்ணெயும் கூடும். பினாங்கிலிருந்து வருபவர்களுக்கோ அதுதான் நேர்வழி. எந்த வழியானாலும் தலைசுற்றல் மாத்திரையும் நெகிழிப்பையும் வண்டியில் இருக்கட்டும். மலை ஏறத் தொடங்கும் முன்பே எண்ணெய் நிரப்பிக்கொள்ளுங்கள்.

பேருந்து என்றால் பண்டார் தாசிக் செலாத்தானில் உள்ள டிபிஎஸ் நிலையத்திலிருந்து தானா ராத்தாவுக்கு நேராக இருக்கிறது. நான்கு முதல் ஐந்து மணி நேரம். டிக்கெட் மலிவுதான், செலவு மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்கும். கோலாலம்பூரில் கைப்பேசியைத் தட்டினால் கார் வரும் என்ற பழக்கத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது. டாக்சியை மணிக்கணக்கில், அதுவும் குறைந்தபட்சம் இத்தனை மணி என்று பேசித்தான் எடுக்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் அரைநாள் சுற்றுலா வேன்.

கணக்கு இப்படிப் போடுங்கள்: இரண்டு பேர் என்றால் வேன் மலிவு, ஏனென்றால் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். நான்கு பேர் என்றால் டாக்சி மலிவு, அங்கே வண்டிக்குத்தான் காசு. மூன்று பேர் என்றால் இரண்டையும் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

4. பணத்தை மூன்று உறையில் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிப்பீர்கள் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள்.

முதல் உறை: வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தீர்மானமாகிவிட்ட செலவு. அறை, எண்ணெய், டோல் அல்லது டிக்கெட். இதை நாளால் வகுக்கவே கூடாது.

இரண்டாம் உறை: மலைமேல் இருக்கும் நாள்களின் செலவு. சாப்பாடு, நுழைவுக் கட்டணம், பார்க்கிங். இந்த உறைதான் உண்மையான நாள் செலவு.

மூன்றாம் உறை: மலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வரும் பொருளுக்கு. காய்கறி, ஸ்ட்ராபெரி, தேயிலை, பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சோளம்.

மூன்றாம் உறையைத் தனியாக வைக்கச் சொன்னால் பலரும் சிரிப்பார்கள். ஆனால் நான் பார்த்த வரையில் கணக்கு உடைவது சாப்பாட்டிலோ அறையிலோ இல்லை, இங்கேதான். பத்து வெள்ளிப் பொட்டலம் பெரிதாகத் தெரியாது. ஒன்பது பொட்டலம் வாங்கிய பிறகுதான் தெரியும்.

5. சாப்பாட்டுக்கு அடிமட்டம் கட்டுங்கள்

சாப்பாட்டை முதலில் கட்ட வேண்டும், ஏனென்றால் அது தவிர்க்க முடியாதது. மற்றதெல்லாம் மிச்சத்தில்தான்.

பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் என்ற குடும்பத்துக்கு நான் எழுதுவது: காலையில் தோசை, ரொட்டி சானாய், தே தாரிக், மைலோ எல்லாம் சேர்த்து 30 வெள்ளி. மதியம் வாழையிலைச் சாப்பாடோ நாசி கண்டாரோ 50. மாலையில் சூடான சோளம், தேநீர், பலகாரம் 25. இரவு 55. மொத்தம் 160.

மாலை 25 வெள்ளியைப் பலர் எழுதுவதே இல்லை. குளிரில் பசி கூடும் என்பது அங்கே போய் நின்றால்தான் தெரியும். நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டால், எல்லோரும் ஒரு கடைக்குள் ஒதுங்குவீர்கள். ஒதுங்கினால் சும்மா உட்கார முடியாது. நான் இதற்கு மழைக்காசு என்றே பெயர் வைத்திருக்கிறேன்.

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் மேலே வரும் என்று பொருள். அப்படிப்பட்ட கடையில் 100 என்று பார்த்தது 116 ஆக முடியும். ஒட்டுக்கடையிலும் சாதாரண உணவகத்திலும் இந்தத் தொல்லை இல்லை.

கொதிநீர்க் கெண்டி, மேகி கப், பிஸ்கட், பால் மாவு ஆகியவற்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். இரவு பத்து மணிக்கு "பசிக்குதும்மா" என்று கேட்கும் பிள்ளைக்கு மலைமேல் தேடி வாங்குவதைவிட இது மலிவு.

6. ஒரு நாளுக்கு ஒரே ஒரு பெரிய செலவு

தேயிலைத் தோட்டத்தில் கேக்கும் தேநீரும், ஸ்ட்ராபெரி பறிப்பது, வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, பழம்பொருள் காட்சியகம், ஸ்டீம்போட். இவை எல்லாமே தனித்தனியாகப் பார்த்தால் சின்னச் செலவுதான். ஒரே நாளில் மூன்றைச் சேர்த்தால் அந்த நாள் போய்விடும்.

அதனால் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய செலவு, மற்றது இலவசம் என்று எழுதுங்கள். காசு கேட்காத இடங்களும் நிறைய உண்டு. பிரிஞ்சாங்கில் சாம் போ கோயில், நம் தெண்டாயுதபாணி கோயில், தானா ராத்தாவிலிருந்து பாரிட் அருவிக்கு நடை. கோயில் உண்டியலுக்குப் போடுவது உங்கள் மனசு.

காசு கேட்காத வெளியிடங்களைக் காலையில் வையுங்கள். மதியத்துக்கு மேல் மழை வருவது அங்கே வழக்கம். காலையைக் கடைக்குள் கழித்துவிட்டு மாலையில் அருவிக்குப் போகலாம் என்று வைத்தால், மழை வந்து இன்னொரு கடைக்குள் தள்ளும். மழைக்காசை இரண்டு முறை கட்டுவீர்கள்.

ஸ்ட்ராபெரி பறிப்பதில் கவனம். பறித்ததை எடை போட்டுத்தான் காசு. கூடையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் நிரம்பிவிடும், நிரம்பியதைத் திருப்பி ஒட்ட முடியாது. நான் கூடையை ஒன்றுதான் வாங்குவேன். அளவு இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுவேன்.

ஸ்டீம்போட் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்ற விலைதான், சில கடைகளில் குறைந்தது இரண்டு பேர். பிள்ளைகளுக்கு அரை விலையா, எத்தனை வயது வரை என்று உட்காரும் முன் கேளுங்கள். சூப் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

சில இடங்களில் மலேசியருக்கு நுழைவுக் கட்டணம் குறைவு. அடையாள அட்டையான மைகார்டும் பிள்ளைகளின் மைகிட்டும் அறையில் தூங்கினால் அந்தக் குறைவு கிடைக்காது.

7. இப்போது எழுதிப் பார்ப்போம்

அதே நால்வர் குடும்பம், சொந்தக் கார், திங்கள் முதல் புதன் வரை, இரண்டு இரவு. இவை நான் திட்டம் போடும் தொகைகள். உங்கள் பழக்கத்துக்கு ஏற்றபடி ஏற்றியோ இறக்கியோ எழுதுங்கள்.

முதல் உறை: அறை 180 வீதம் இரண்டு இரவு 360. எண்ணெய் 80. டோல் 45. மொத்தம் 485.

இரண்டாம் உறை, திங்கள்: வழியில் காலைச் சாப்பாடு 30, மதியம் 50, மாலை 25, இரவு 55, பார்க்கிங் 10. கோயில், நடை இரண்டும் இலவசம். ஆக 170.

செவ்வாய்: காலை 30, தேயிலைத் தோட்டத்தில் தேநீரும் கேக்கும் 50, மதியம் 50, பண்ணை 60, ஸ்டீம்போட் 110, பார்க்கிங் 10. ஆக 310. இங்கே பெரிய செலவு மூன்று ஆகிவிட்டது என்பது தெரியும். முழுசாக இருக்கும் ஒரே நாள், பிள்ளைகளோடு வேறு வழியில்லை. விதியை மீறுவதானால் இப்படித் தெரிந்தே மீற வேண்டும், அதற்குத்தான் திங்களும் புதனும் இளைத்திருக்கின்றன.

புதன்: காலை 30, இறங்கும் வழியில் மதியம் 50, தேநீர் 20. ஆக 100.

இரண்டாம் உறை மொத்தம் 580. இதை மூன்றால் வகுத்தால் 193 வரும். அந்த 193-ஐ நம்பிப் போயிருந்தால் செவ்வாய் மாலைக்குள் நாள் கணக்குத் தீர்ந்து, ஸ்டீம்போட் கடை வாசலில் கணவன் மனைவி பேச்சு நின்றிருக்கும். 170, 310, 100 என்று எழுதியவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மூன்றாம் உறை: 120.

இரண்டாம், மூன்றாம் உறைகளைச் சேர்த்தால் 700. அதில் பத்தில் ஒரு பங்கு, 70 வெள்ளி, கைக்காவலாக வையுங்கள். முதல் உறைக்குக் கைக்காவல் வேண்டாம், அது முன்பே தெரிந்த செலவு. எல்லாம் கூட்டினால் 1,255 வெள்ளி.

வண்டி நின்றுவிட்டால், யாருக்காவது உடம்பு முடியாவிட்டால் என்று 200 வெள்ளியாவது இந்தக் கணக்கில் சேராமல் தனியாக இருக்கட்டும். அதைக் கைக்காவலோடு கலந்தால் தேயிலைப் பொட்டலமாகிவிடும்.

8. மூன்றாம் உறையைக் கடைசி நாளில் திறவுங்கள்

முதல் நாள் முதல் கடையில் ஸ்ட்ராபெரி வாங்குபவர்களை நிறுத்தவே முடியாது. இரண்டு நாள் அறையில் வைத்து, மூன்றாம் நாள் தாப்பா வெயிலில் காருக்குள் வைத்து, வீட்டுக்கு வரும்போது ஜாம் மாதிரி இருக்கும். வாங்கினால் இறங்கும் நாள் காலையில் வாங்குங்கள், பனிப்பெட்டியில் வையுங்கள். பனிப்பெட்டியை வீட்டிலிருந்தே கொண்டு போக வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

மலைமேல் விளைந்தது என்பதற்காக எல்லாம் மலிவு இல்லை. கிளம்பும் வாரத்தில் உங்கள் பாசார் பாகியில் (காலைச் சந்தையில்) தக்காளி, முட்டைக்கோஸ், சோளம் என்ன விலை என்று கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் கீ ஃபார்மில் பேரம் பேசுவது கண்ணைக் கட்டிக்கொண்டு பேசுவதுதான். என் அனுபவத்தில் கீரையும் சோளமும் சர்க்கரைவள்ளியும் வாங்கத் தக்கவை. மற்றவற்றைக் குறிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சாதாரணத் தேயிலைப் பைகளை மலையிலிருந்து தூக்கி வராதீர்கள். அதே பெட்டி உங்கள் பேரங்காடியில் இருக்கிறது. அங்கே மட்டும் கண்ணில் படும் வகை என்றால் சரி.

ஸ்வெட்டர் மூன்றாம் உறையில் வரவே கூடாது. மறந்துவிட்டுப் போய் நான்கு பேருக்கும் மேலே வாங்கிய குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன், உறை அங்கேயே காலி. ஸ்வெட்டர், காலுறை, குடை மூன்றையும் காரில் ஏற்றிய பிறகுதான் சாவியைத் திருப்புங்கள்.

9. ரொக்கம் எவ்வளவு

கடைகளில் கியூஆர் உண்டு. சாலையோரக் கடைகள், ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் தேனும் பெத்தாய்க் காயும் விற்கும் பந்தல்கள், சின்னப் பார்க்கிங் இடங்கள் ஆகியவற்றுக்கு ரொக்கம்தான் சுலபம். மலை வளைவுகளில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்காவிட்டால் கியூஆரும் வேலை செய்யாது.

மேலே சொன்ன குடும்பம் என்றால் 400 வெள்ளி ரொக்கமாக, அதுவும் பத்தும் ஐந்துமாக எடுத்துப் போகச் சொல்வேன். விடுதி முன்பணமும் இதிலிருந்துதான். ஐம்பது வெள்ளித் தாளை நீட்டினால் சில்லறைக்காக இன்னொரு பொட்டலம் வாங்க வைத்துவிடுவார்கள்.

10. இரவு ஐந்து நிமிடக் கணக்கு

அறைக்குத் திரும்பியதும், கால் கழுவும் முன்பே, அன்றைய செலவை எழுதுங்கள். காலையில் எழுதலாம் என்று விட்டால் பார்க்கிங்கும் சோளமும் மறந்துவிடும். மறப்பது எப்போதும் சின்னத் தொகைகள்தான், கூட்டினால் அவைதான் கைக்காவலைத் தின்றிருக்கும்.

திங்களன்று 170-க்குப் பதில் 200 ஆகியிருந்தால், அந்த 30-ஐப் புதன்கிழமையில் கழிக்காதீர்கள், அங்கே கழிக்க எதுவும் இல்லை. செவ்வாயில் கழியுங்கள். பண்ணையை விட்டுவிடலாம், அல்லது தோட்டத்தில் கேக்கை விட்டுத் தேநீர் மட்டும் குடிக்கலாம். குறைக்க முடிந்த நாளில்தான் குறைக்க முடியும்.

குறைந்து வந்தால், மிச்சத்தை உடனே மூன்றாம் உறைக்கு மாற்றிவிடாதீர்கள். இறங்கி வரும் வழியில் பீடோரில் கொய்யா வாங்கும் வரை அது இருக்கட்டும்.